ஒரே மேடையில் நின்ற குற்றம்

1976. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்தில் ஒரு சின்ன இசைத்தட்டு வெளியானது. பாட்டின் பெயர் 'வோசா ஃப்ரைடே'. வாரம் முழுக்க உடல் நோக உழைக்கிற தொழிலாளி, வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஏங்குகிற பாட்டு. அரசியல் வாடையே இல்லாதது. ஆனாலும் அரசு வானொலி அதை ஒலிபரப்ப மறுத்துவிட்டது. ஜூலுவும் ஆங்கிலமும் ஒரே பாட்டில் கலந்திருந்தன என்பதுதான் அது செய்த குற்றம்.

அந்த வானொலி இயங்கிய விதம் தெரிந்தால் இந்த மறுப்பு வியப்பாக இருக்காது. ஜூலு மக்களுக்கு ஜூலு நிலையம், கோசா மக்களுக்குக் கோசா நிலையம், சோத்தோ மக்களுக்குச் சோத்தோ நிலையம், வெள்ளையருக்கு ஆங்கிலமும் ஆப்பிரிக்கான்ஸும் என்று காற்றலையையே வேலி போட்டுப் பிரித்து வைத்திருந்தார்கள். கறுப்பின மக்கள் ஒரே மக்களாகத் திரளக் கூடாது; அவரவர் குலம், அவரவர் மொழி, அவரவர் மூலை. பாடல் வரிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் கிடைக்காத பாட்டு ஒரு ஆல்பத்தில் இருந்தால், வானொலி நிலைய நூலகத்தில் அந்த இசைத்தட்டை எடுத்து, அந்தப் பாட்டின் மேல் மட்டும் கூர்மையான கருவியால் கீறி வைப்பார்கள். எந்த அறிவிப்பாளராவது துணிந்து போட நினைத்தாலும் ஊசி நிற்காது. அப்படிக் கீறப்பட்ட இசைத்தட்டுகள் இன்றும் அங்கே ஆவணமாக இருக்கின்றன.

மொழி கலந்ததைவிடப் பெரிய சிக்கல் பாடியவர்கள் யார் என்பதில் இருந்தது. ஒருவர் சிபோ மச்சுனு. நேட்டால் மாகாணத்தின் கிரான்ஸ்காப் மலைப்பகுதியில் 1951ல் பிறந்து, 1969ல் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து, வெள்ளையர் வீடுகளில் தோட்டவேலை பார்த்த ஜூலு இளைஞர். இன்னொருவர் ஜானி கிளெக். வெள்ளைக்காரர், பல்கலைக்கழக மாணவர். இருவரும் சேர்ந்து நின்று பாட அந்த நாட்டில் சட்டப்படி இடமே இல்லை.

*

இனஒதுக்கல் ஆட்சி என்றதும் தனித்தனி பெஞ்சு, தனித்தனி பேருந்து என்ற படங்கள்தான் நம் நினைவுக்கு வரும். அவை மேற்பூச்சு. அடித்தளம் 1950ல் போடப்பட்டது. மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் பிறப்பிலேயே ஏதாவது ஓர் இனத்தின் பேரில் பதிந்தது. குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்பதை வரைபடத்தில் கோடு போட்டுத் தீர்மானித்தது. 1953ல் வந்த தனி வசதிகள் சட்டம் அரங்கம், பூங்கா, கடற்கரை, கழிப்பறை என எல்லாவற்றையும் பிரித்தது. 16 வயது நிரம்பிய கறுப்பினத்தவர் எந்நேரமும் பாஸ் என்ற நடமாட்ட அனுமதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறை. கறுப்பினக் குடியிருப்புக்குள் நுழைய வெள்ளையருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

தமிழர்களையும் குழுப் பகுதிகள் சட்டம் விட்டுவைக்கவில்லை. 1860 நவம்பரில் மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரையேற்றியவர்களில் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தலைமுறைகளின் வாரிசுகள், கேட்டோ மேனர் பகுதியில் உண்டாக்கிய வீடுகளையும் தோட்டங்களையும் விட்டுப் பெயர்க்கப்பட்டு, சாட்ஸ்வொர்த் போன்ற 'இந்தியர் பகுதி'களுக்குள் தள்ளப்பட்டார்கள்.

இத்தனை கட்டுக்காவலுக்கும் அடியில் ஆட்சியாளர்களுக்கு ஒரு கவலை இருந்தது. பக்கத்து வீட்டில் இருந்தால் பேசிக்கொள்வார்கள்; பேசிக்கொண்டால் ஒருவரிடம் ஒருவர் எதையாவது கற்றுக்கொள்வார்கள். கற்றுக்கொண்டவர்களுக்கு, நான் வேறு நீ வேறு என்ற பாடம் ஏறாது. ஜானி கிளெக் என்ற பையன் செய்தது சரியாக அதைத்தான். அவன் எதிர்ப்புப் பாட்டு எழுதுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, பாட்டுக் கற்றுக்கொண்டதன் மூலம் சட்டத்தை மீறிவிட்டான்.

*

கிளெக் பிறந்தது 1953 ஜூன் 7, இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பேக்கப் என்ற ஊரில். அம்மா இன்றைய ஜிம்பாப்வேயில் குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண், மேடைப் பாடகி. அப்பா ஆங்கிலேயர். திருமணம் நிலைக்கவில்லை. கைக்குழந்தையோடு அம்மா ஆப்பிரிக்காவுக்குத் திரும்பினார். பிறகு தென்னாப்பிரிக்காவில் குடியேறியபோது பையனுக்கு ஆறேழு வயது. அம்மாவின் இரண்டாவது கணவர் குற்றச் செய்திகள் எழுதும் பத்திரிகையாளர். செய்தி சேகரிக்கக் கறுப்பினக் குடியிருப்புகளுக்குப் போகும்போது பையனையும் உடன் அழைத்துச் சென்றவர். நடுவில் சில காலம் ஜாம்பியாவில் குடும்பம் வாழ்ந்தது. அங்கே எல்லா நிறப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படித்தார்கள். திரும்பி வந்து ஜோகன்னஸ்பர்க்கின் வெள்ளையர் பள்ளியில் உட்கார்ந்தபோது, ஊரே விசித்திரமாகத் தெரிந்திருக்கும்.

பதினான்கு வயதில் ஒரு மாலை, வீட்டுக்கு அருகிலிருந்த கடைப்பக்கம் ஒருவர் கிதார் வாசித்துக்கொண்டிருப்பதைக் கேட்டான். சார்லி முசிலா. அடுக்குமாடிக் கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்த ஜூலு தொழிலாளி. பையனும் கிதார் கற்றுக்கொண்டிருந்தவன்தான். ஆனால் இந்த வாசிப்பு அவனுக்குத் தெரிந்த எதுவாகவும் இல்லை. கற்றுத்தருவீர்களா என்று கேட்டான். அவர் கற்றுத்தந்தார், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்.

மஸ்கந்தா என்பது அந்த இசையின் பெயர். ஐரோப்பியக் கிதாரை ஜூலு கிராமத்து ஆண்கள் தங்கள் பழைய வில்லிசைக் கருவிகளின் காதால் கேட்டு, நரம்புகளைத் தங்கள் விருப்பப்படி சுருதி மாற்றி, தமதாக்கிக்கொண்ட கலை. கட்டைவிரல் கீழே தாழ்ந்த சுரங்களில் ஒரு வழியில் நடக்கும். ஆட்காட்டி விரல் மேலே இன்னொரு மெட்டைப் பின்னும். பாட்டுக்கு முன்னால் விரல் வேகத்தைக் காட்டும் ஒரு முன்னோட்டம். நடுவில் பாட்டை நிறுத்தி, மூச்சு விடாமல் தன் குலம், தன் ஊர், தன் மலை, தன் ஆறு என்று அடுக்கி முழங்கும் பகுதி. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தவன், நகரத்து நடைபாதையில் நின்று, நான் இன்ன இடத்துக்காரன் என்று அறிவிக்கும் இசை அது. நடந்துகொண்டே வாசிப்பார்கள், நடையின் தாளம் பாட்டுக்குள் ஏறிவிடும்.

கற்க வேண்டியது விரலோடு முடியவில்லை. முசிலா மூலமாகப் பையன் தொழிலாளர் விடுதிகளுக்குப் போகத் தொடங்கினான். அந்த விடுதிகள் ஒரு தனிக் கொடுமை. கிராமத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஆண்களை மட்டும் மொத்தமாகப் போட்டு வைக்கும் கட்டடங்கள். மனைவி மக்கள் உடன் வந்து வாழச் சட்டம் விடாது. அங்கே வார இறுதிகளில் நடனக் குழுக்கள் மோதும். காலைத் தலைக்கு மேல் உயர்த்தி, உடல் எடை முழுவதையும் சேர்த்து நிலத்தில் அறையும் ஆட்டம். வெம்மர் விடுதியின் குழுவில் கிளெக் ஆடக் கற்றான். போலீஸ் பிடித்தது. முதல் கைது பதினைந்து வயதில். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டு, உங்கள் பிள்ளை போகிற பாதை சரியில்லை என்று அம்மாவிடம் எச்சரித்தார்கள். அவன் மறுபடி போனான். மறுபடியும் பிடித்தார்கள். ஒரு பள்ளிப் பையன் நடனம் பழகுவதற்கு ஒரு நாட்டின் காவல்துறை இவ்வளவு பதறியது என்றால், அந்த நடனத்துக்குள் என்ன இருக்கிறது என்று போலீஸுக்குத் தெரிந்திருக்கிறது.

*

ஜூலு கிதார் வாசிக்கும் வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான் என்ற பேச்சு விடுதிகளில் பரவியது. அது சிபோ மச்சுனுவின் காதுக்கும் போனது. அவர் தேர்ந்த கிதார்க்காரர். யார் அவன், வாசித்துக் காட்டட்டும் என்று போட்டிக்கே வந்தார். கிளெக்குக்கு அப்போது பதினாறு வயது, சிபோவுக்குப் பதினெட்டு. போட்டியில் தொடங்கியது நட்பானது.

இரண்டு பேரும் எங்கே வாசிப்பது? பொது அரங்கம் கிடையாது. தனியார் வீட்டு முற்றங்கள், தேவாலயங்கள், பல்கலைக்கழகக் கூடங்கள், தொழிலாளர் விடுதிகள் என்று சட்டத்தின் சந்துபொந்துகளில் பாடினார்கள். பல நிகழ்ச்சிகளைப் போலீஸ் வந்து கலைத்தது. கிளெக் பிடிபட்டால் கண்டிப்பு, அபராதம். சிபோ பிடிபட்டால் பாஸ் பறிபோகும். நகரத்தில் வாழும் உரிமையே போகும். இந்த நட்பின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பையனின் துணிச்சலைத்தான் பாடுகிறார்கள். பணயம் வைத்ததில் பெரும்பங்கு சிபோவினுடையது.

கலப்புக் குழு என்பது அங்கே முற்றிலும் புதிது இல்லை. 'புளூ நோட்ஸ்' என்ற ஜாஸ் குழு அறுபதுகளின் தொடக்கத்தில் இருந்தது. பியானோவில் கிறிஸ் மெக்ரெகர் என்ற வெள்ளையர். டூடூ புக்வானா, ஜானி டயானி, லூயி மொஹோலோ போன்ற கறுப்பினக் கலைஞர்கள் மற்றவர்கள். 1964ல் பிரான்ஸ் நாட்டு இசைவிழா ஒன்றுக்குப் புறப்பட்டுப் போனவர்கள் நாடு திரும்பாமல் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே பாடகி மிரியம் மகேபாவின் கடவுச்சீட்டை 1960ல் அரசு முடக்கியிருந்தது. தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட அவரால் வர முடியவில்லை. சேர்ந்து வாசிக்க வேண்டும் என்றால் நாட்டைவிட்டுப் போ என்பதுதான் அன்றைய நிலை. கிளெக்கும் சிபோவும் போகவில்லை. அந்த மண்ணில், அந்தச் சட்டங்களுக்கு நடுவே, அதே மக்கள் முன்னால் பாடினார்கள்.

அவர்களை நம்பி ஒலிப்பதிவுக்கு அழைத்தவர் ஹில்டன் ரோசென்தால் என்ற தயாரிப்பாளர். வானொலியில் ஏறாது, தொலைக்காட்சியில் வராது, வெள்ளையருக்கு ஜூலு புரியாது, ஜூலு மக்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்று வணிகக் கணக்குப் போட்டால் எந்தக் கம்பெனியும் தொடாத சரக்கு. 1979ல் 'யூனிவர்சல் மென்' என்ற முதல் ஆல்பம் வந்தது. குழுவுக்கு ஜூலூக்கா என்று பெயர், ஜூலுவில் வியர்வை. சிபோ வளர்த்த காளையின் பெயரும் அதுதான். ஊருக்கும் நகரத்துக்கும் இடையில் அலைந்தே ஆயுளைக் கழிக்கும் புலம்பெயர்ந்த தொழிலாளியின் வாழ்க்கைதான் அந்த ஆல்பத்தின் பொருள். ஆங்கிலத்தில் தொடங்கும் பாட்டு ஜூலுக் கூட்டுக்குரலுக்குத் தாவும். நாட்டுப்புறப் புல்லாங்குழலும் மஸ்கந்தாக் கிதாரும் ஒன்றின் பின்னே ஒன்றாக ஓடும்.

இசையாகப் பார்த்தாலும் இது எளிய வேலை இல்லை. இரண்டு மரபுகளை ஒட்டுப்போடும்போது ஒன்று அலங்காரமாகச் சுருங்கிவிடும். பாட்டு மேற்கத்தியதாக இருக்கும், நடுவில் முரசு மட்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வரும். ஜூலூக்காவில் அந்த விபத்து நேராததற்குக் காரணம், கிளெக்கின் கை ஜூலு கிதாரை முசிலாவிடம் பாடம் கேட்டு வாங்கியிருந்தது. இன்னொரு பக்கத்தில் சிபோ முழு உரிமையோடு நின்றார். 1982ல் வந்த 'உபுஹ்லே பெம்வெலோ' ஆல்பம் முழுக்கவே ஜூலு மொழியில். பாப் சந்தையில் வளர்ந்துகொண்டிருந்த குழு, வெள்ளை ரசிகர்களுக்கு ஒரு சொல்கூடப் புரியாத ஆல்பத்தைத் துணிந்து வெளியிட்டது.

*

1981ல் வந்த 'ஆப்பிரிக்கன் லிட்டனி' ஆல்பத்தில் 'இம்பி' என்ற பாட்டு இருக்கிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1879 ஜனவரி 22 அன்று இசாண்டில்வானா குன்றின் அடிவாரத்தில், ஜூலு மன்னர் செட்ஷ்வாயோவின் படை, நவீனத் துப்பாக்கிகளோடு வந்த பிரிட்டிஷ் படையை ஒரே பகலில் அழித்தது. பிரிட்டிஷ் தரப்பில் 1,300 பேர் அளவில் மாண்டார்கள். ஈட்டியும் கேடயமுமே ஜூலுக்களின் முக்கிய ஆயுதங்கள். பேரரசின் வரலாற்றில் இது பெரிய அவமானம். அதனால் அதே நாள் மாலை, அருகிலிருந்த ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் முகாமைச் சிறு பிரிட்டிஷ் படை காத்து நின்ற கதைதான் புத்தகங்களிலும் திரையிலும் பெரிதாக்கப்பட்டது. டச்சு வழிவந்த வெள்ளையரான ஆப்பிரிக்கானர்களோ 1838ல் ஜூலுக்களை வென்ற ரத்த ஆற்றுப் போரின் நினைவாக டிசம்பர் 16ஐ அரசு விடுமுறை நாளாகவே கொண்டாடினார்கள். ஜூலுக்கள் தோற்ற கதை பாடம். வென்ற கதை அடிக்குறிப்பு.

வென்ற கதையை எடுத்து, வெள்ளைக்காரர் ஒருவர் முன்னால் நின்று பாட, ஜூலு தோழர்கள் கூடச் சேர்ந்து முழங்க, ஜூலூக்கா அதைப் பாப் பாட்டாக்கியது. வெள்ளை இளைஞர்கள் தங்கள் பள்ளிப் புத்தகம் மறைத்த வரலாற்றைத் துள்ளிக் குதித்துப் பாடினார்கள். பாட்டு என்ன சொல்கிறது என்று அவர்கள் அனைவரும் யோசித்திருப்பார்கள் என்பதில்லை. ஆனால் வாயில் ஏறிவிட்ட பாட்டை மறப்பது எளிதல்ல. பிற்காலத்தில் அதே 'இம்பி' தேசிய ரக்பி அணிக்கான ஆரவாரப் பாட்டாகவே மாறியது. ரக்பி ஒரு காலத்தில் வெள்ளையரின் கோட்டையாக இருந்த விளையாட்டு.

மேடையில் நடந்தது பாட்டையும் தாண்டியது. கிளெக்கும் சிபோவும் எதிரெதிரே நின்று காலை உயர்த்தி நிலத்தில் அறைவார்கள், வியர்வை தெறிக்கும், ஒருவர் விட்ட அடியை மற்றவர் எடுப்பார். இரண்டு நிற உடல்கள் தொட்டுக்கொள்வதையே சட்டம் போட்டுத் தடுத்த நாடு அது. கலப்புத் திருமணம் 1949லிருந்து குற்றம். அங்கே, இரு ஆண்கள் ஒருவர் உடலின் தாளத்தை ஒருவர் முழுதாக அறிந்து ஆடுவதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு, இயற்கையே இனங்களைப் பிரித்து வைத்தது என்ற அரசின் வாதம் என்ன ஆயிருக்கும்? ஜூலூக்காவின் உண்மையான எதிர்ப்பு இங்கேதான் இருந்தது என்பது இந்தக் கட்டுரையின் துணிபு. வரிகளைத் தணிக்கை செய்யலாம். கால்களை எப்படிச் செய்வது?

அமெரிக்காவிலும் அதே காலத்தில் தடை இருந்தது. 1981ல் தொடங்கிய எம்டிவி இசைத் தொலைக்காட்சி, கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகளை அரிதாகவே காட்டியது. 1983 ஜனவரியில் பாடகர் டேவிட் போவி பேட்டிக்கு உட்கார்ந்தபோது, ஏன் இப்படி என்று அந்த அலைவரிசையின் தொகுப்பாளரிடமே நேருக்கு நேர் கேட்டார். சில வாரங்களில் மைக்கேல் ஜாக்ஸனின் 'பில்லி ஜீன்' அந்தக் கதவை உடைத்தது. அங்கே தடை சந்தையில் இருந்தது, விற்பனை அதைத் தகர்த்தது. தென்னாப்பிரிக்காவில் தடை சட்டப் புத்தகத்தில் இருந்தது. எத்தனை இசைத்தட்டு விற்றாலும் சிபோ பாஸ் புத்தகத்தோடுதான் வீடு திரும்ப வேண்டும்.

*

1985ல் சிபோ போதும் என்று முடிவு செய்து கிராமத்துக்குத் திரும்பினார். மாடு வளர்ப்பதும் நிலமும் அவருக்கு மேடையைவிடப் பெரியவையாக இருந்தன. ஜூலூக்கா கலைந்தது. மறு ஆண்டு கிளெக் சவூக்கா என்ற புதுக் குழுவைத் தொடங்கினார். ஒலி மாறியது, சிந்தசைசரும் ராக்கும் கூடின. பிரான்ஸில் அவருக்குப் பெரும் ரசிகர் கூட்டம் திரண்டது. 'வெள்ளை ஜூலு' என்று பட்டம் கட்டினார்கள்.

நாட்டின் நிலையும் மாறியிருந்தது. 1986 ஜூனில் நாடு முழுவதும் நெருக்கடிநிலை. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில். அந்தச் சூழலில் கிளெக் 'அசிம்போனங்கா'வை எழுதினார். 'நாங்கள் அவரைக் கண்டதில்லை' என்பது பொருள். சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் படத்தை அச்சிடுவதே சட்டவிரோதமாக இருந்ததால், ஒரு முழுத் தலைமுறை அவர் முகம் தெரியாமலே வளர்ந்திருந்தது. பாட்டு மண்டேலாவின் பெயரை வெளிப்படையாகச் சொன்னது. அதோடு மூன்று பேரைச் சேர்த்துச் சொன்னது. 1977ல் போலீஸ் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பீக்கோ. 1985ல் டர்பன் அருகே வீட்டு வாசலில் கொல்லப்பட்ட வழக்கறிஞர் விக்டோரியா மெக்செங்கே. 1982ல் போலீஸ் காவலில் இறந்த நீல் ஆகெட். ஆகெட் வெள்ளையர், தொழிற்சங்கத்துக்காக உழைத்த மருத்துவர். கறுப்பினப் போராளிகளின் பெயர் வரிசையில் அவரையும் நிறுத்தியதால், யார் நம்மவர் என்பதற்கு நிறத்தைத் தவிர வேறோர் அளவுகோல் உண்டு என்று பாட்டு சொல்லாமல் சொன்னது. பாட்டு தடைக்கு உள்ளானது. ஒலிநாடாக்களில் கைமாறிக் கைமாறிப் பரவியது.

மறுபுறம், கிளெக்குக்கு அடி விழுந்தது எதிர்பாராத திசையிலிருந்து. தென்னாப்பிரிக்காவைக் கலை உலகம் புறக்கணிக்க வேண்டும் என்று 1980 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டிருந்தது. அந்நாட்டில் நிகழ்ச்சி நடத்தும் உறுப்பினர்களைப் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கமும் தண்டித்தது. கிளெக் தன் சொந்த நாட்டில் பாடினார் என்பதற்காக 1988ல் அந்தச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அந்த ஜூனில் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் மண்டேலாவின் 70வது பிறந்தநாளுக்குப் பெரும் இசைவிழா நடந்தபோது, மண்டேலாவுக்காகப் பாட்டெழுதியவருக்கு அந்த மேடையில் இடமில்லை.

சங்கத்தின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. நிறவெறி ஆட்சியைத் தனிமைப்படுத்தியதில் புறக்கணிப்புக்குப் பங்கு உண்டு. பணத்துக்காக சன் சிட்டி கேளிக்கை நகரத்தில் போய்ப் பாடிய நட்சத்திரங்களை அது வெட்கப்பட வைத்தது. ஆனால் விதி ஆளைப் பார்க்கவில்லை. வெளியிலிருந்து வந்து காசு வாங்கிப் போகிறவரும், உள்ளேயிருந்து கலப்புக் குழுவோடு கைதாகிக்கொண்டே பாடுகிறவரும் அதற்கு ஒன்றாகவே பட்டார்கள். அமெரிக்கப் பாடகர் பால் சைமனுக்கும் இதே சிக்கல் வந்தது. ரோசென்தால் அனுப்பிய இசைத்தட்டுகளைக் கேட்டு, 1985ல் ஜோகன்னஸ்பர்க் வந்து உள்ளூர்க் கலைஞர்களோடு 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு செய்தார்; நியூயார்க் சங்கக் கட்டணத்தைப்போல மூன்று மடங்கு ஊதியம் கொடுத்தார். ஆல்பம் உலகை வென்றது, லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு உலகப் புகழ் பெற்றது, புறக்கணிப்பை மீறினார் என்ற கண்டனமும் சேர்ந்தே வந்தது. அந்த விவாதத்தில் இரு பக்கமும் நேர்மையானவர்கள் இருந்தார்கள்.

கிளெக் வெறும் பாடகரும் அல்லர். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் சமூக மானிடவியல் படித்து, சுமார் நான்கு ஆண்டுகள் பாடமும் நடத்தியவர். அவருடைய ஆசிரியரும் நண்பருமான டேவிட் வெப்ஸ்டர், விசாரணையின்றி அடைக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காக உழைத்தவர். 1989 மே 1 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தன் வீட்டு வாசலிலேயே அரசின் ரகசியக் கொலைப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காகக் கிளெக் எழுதிய பாட்டின் கோரிக்கை, ஆளுக்கு ஒரு வாக்கு. இந்தியர்களுக்கு 1950ல் அரசியலமைப்போடு கைவந்த உரிமை அது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்கள் அதற்காக 1994 ஏப்ரல் 27 வரை காத்திருந்தார்கள்.

*

பாட்டு நிறவெறியை வீழ்த்தியது என்று எழுதினால் அது பொய். 1976ல் சோவெட்டோவில் வகுப்பறையை விட்டு வெளியே வந்து குண்டடி பட்ட பிள்ளைகள், தொழிற்சங்கங்கள், சிறையில் 27 ஆண்டுகள் இருந்தவர், தலைமறைவாகவும் நாடு கடந்தும் போராடியவர்கள், உலகெங்கும் பொருளாதாரத் தடைக்காகத் தெருவில் நின்றவர்கள், இவர்களுடைய வெற்றி அது. பாட்டு செய்தது வேறு. சட்டம் நீங்கிய பிறகும் சேர்ந்து வாழ முடியுமா என்ற அச்சம் லட்சக்கணக்கான வெள்ளையரிடம் இருந்தது. அவர்களில் ஒரு தலைமுறைக்கு, சேர்ந்து வாழ்வது எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு கச்சேரியிலும் இரண்டு மணிநேரம் அது முன்னோட்டம் காட்டியது.

1999ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் கிளெக் 'அசிம்போனங்கா' பாடிக்கொண்டிருந்தபோது அரங்கம் திடீரென்று ஆர்ப்பரித்தது. ஏன் என்று புரியாமல் திரும்பிப் பார்த்தால், பின்னாலிருந்து மண்டேலா ஆடியபடி மேடைக்கு வந்துகொண்டிருக்கிறார். இசையும் நடனமும்தான் உலகத்தோடு என்னைச் சமாதானமாக வைத்திருக்கின்றன என்ற பொருளில் பேசிவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆடவில்லையே என்று குறைப்பட்டு, பாட்டை மறுபடி பாடச் சொன்னார். அந்தக் காட்சிப்பதிவில் கிளெக்கின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கிளெக் மேல் கேள்விகளும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிட்டு அவரைக் கொண்டாடுவது நியாயமாகாது. மஸ்கந்தாவை உலகம் ஒரு வெள்ளை முகத்தின் வழியாக அறிந்தது. விடுதிகளில் அதை வளர்த்த நூற்றுக்கணக்கான ஜூலு கலைஞர்களின் பெயர் உலகுக்குத் தெரியாது. 'வெள்ளை ஜூலு' என்ற பட்டமே, கறுப்பு ஜூலுக்கள் இசைத்தபோது ஏன் இப்படித் திரும்பிப் பார்க்கவில்லை என்ற கேள்வியை எழுப்புகிறது. அந்நாட்டு இசையின் கணக்குப் புத்தகம் நீண்டகாலம் ஒருதலைப்பட்சமானது. சாலமன் லிண்டா 1939ல் 'முபூபே' பாட்டைப் பதிவு செய்து அதன் உரிமையைப் பத்து ஷில்லிங்குக்கு விட்டுக்கொடுத்தார். அது உலகெங்கும் பல வடிவங்களில் ஓடி, கடைசியில் 'லயன் கிங்' படம் வரை போனது. லிண்டா 1962ல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்கு நியாயமான தீர்வு 2006ல்தான் கிடைத்தது. இந்தப் பின்னணியில் கிளெக்கைத் திருடன் வரிசையில் வைப்பவர்கள் தவறுகிறார்கள். முசிலாவையும் சிபோவையும் அவர் பேட்டிக்குப் பேட்டி பெயர் சொல்லிக் குருவாகவும் கூட்டாளியாகவும் நிறுத்தினார். ஆனாலும் கேள்வி அவர் ஒருவரோடு தீர்வதில்லை. யார் பாடினால் உலகம் காது கொடுக்கிறது என்பது இன்னும் நிறத்தால் தீர்மானமாகிறது.

சவூக்காவின் நடனக்கலைஞரும் தாளக் கலைஞருமான டூடூ ஜூலு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜூலு மண்ணைப் பிடித்து ஆட்டிய வன்முறையில் 1992ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மண்டேலா விடுதலையாகி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. தேர்தலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. நண்பனுக்காகக் கிளெக் எழுதிய 'தி கிராசிங்' 1993ல் வந்த 'ஹீட், டஸ்ட் அண்ட் ட்ரீம்ஸ்' ஆல்பத்தில் இடம்பெற்றது. அந்த ஆல்பம் கிராமி விருதுக்குப் பரிந்துரையானது. 2015ல் கிளெக்குக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2017ல் கடைசிச் சுற்றுப்பயணம் போனார். மறு ஆண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்க இசைக்கலைஞர்கள், எல்லா நிறத்தவரும், கூடி 'தி கிராசிங்' பாட்டை மறுபடி பதிவு செய்து வெளியிட்டார்கள். 2019 ஜூலை 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் அவர் இறந்தார், வயது 66. அந்தப் பதிவைக் கேட்டுவிட்டே போனார்.